திரையிலுள்ள சொல்லுக்குப் பொறுப்பு யார்?

நம்மிடமுள்ள ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். பின்புறத்தில், ஒரு சிறிய கட்டத்துக்குள், 15 மொழிகளில் அதன் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. இந்தியும் ஆங்கிலமும் தனியே உள்ளன. ஆக, ஒரே தாளில் 17 மொழிகள். அந்த வரிசையில் ‘நூறு ரூபாய்’ என்று தமிழும் இருக்கிறது. தாளைப் பெறுபவர் எந்த மாநிலத்தவராயினும், தம் கையிலிருப்பது எவ்வளவு என்பதைப் பிறரிடம் கேட்காமலே அறிந்துகொள்ளலாம். நாட்டின் பணம் மக்களோடு அவரவர் மொழியில் பேச வேண்டும் என்னும் கொள்கை அச்சிறு கட்டத்தில் அடங்கியிருக்கிறது.

இன்று பணம் தாளிலிருந்து கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு யூபிஐ அறிமுகமானபின், பூக்கடை முதல் நகைக்கடை வரை திரையைத் தொட்டே பணம் கைமாறுகிறது. திரையிலும் தமிழ் உண்டு. செயலியின் அமைப்புகளில் மொழியை மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் தமிழ் எழுத்துகள் திரையில் இருப்பது வேறு. திரை தமிழில் பேசுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து குறைக்கத் தெரிந்த ஒருவர் வங்கித்துறைக்குத் தேவைப்படுகிறார். அவர் மொழியியல் பயின்ற பயனர் அனுபவ வடிவமைப்பாளர். அவரை நம் துறை இன்னும் போதிய அளவு தேடவில்லை என்பதே நம் கருத்து.

‘பின்’ என்றால் எப்போது?

மும்பையில் தமிழர் மிகுந்து வாழும் பகுதியொன்றிலுள்ள வங்கிக் கிளையில் நாம் ஒரு நாள் காத்திருந்தபோது, இட்லிக் கடை நடத்தும் மூதாட்டி ஒருவர் கைப்பேசியுடன் வந்தார். அவர் மராத்தியும் இந்தியும் பேசுவார். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. திருநெல்வேலியிலுள்ள மகளுக்கு முதன்முறையாகத் தாமே பணம் அனுப்ப முயன்றிருக்கிறார். பெயர், தொகை எல்லாம் சரியாகவே இட்டார். அதன்பின் திரையில் ‘பின் உள்ளிடவும்’ என்று வந்தது.

‘பின்’ என்பது இரகசிய எண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று அவருக்குத் தோன்றவில்லை. தமிழில் ‘பின்’ என்றால் ‘பிறகு’. பிறகு உள்ளிடச் சொல்கிறது என்று எண்ணிக் காத்திருந்தார். சிறிது நேரத்தில் ‘உங்கள் அமர்வு காலாவதியானது’ என்றொரு வரி தோன்றிற்று. அவர் அஞ்சிவிட்டார். “தம்பி, பின்னால போடச் சொல்லிச்சு, காத்திருந்தேன். இப்ப என்னமோ காலாவதியாயிட்டுங்குது. பணம் போயிட்டா?” என்று கிளை ஊழியரிடம் கேட்டார். ஊழியர் கணக்கைப் பார்த்து, “பணம் அப்படியே இருக்கும்மா” என்று சொன்ன பிறகே அவர் நாற்காலியில் அமர்ந்தார்.

அன்று இழப்பு எதுவுமில்லை. ஆயினும் அந்த இரு வரிகளையும் எழுதியவர் யார் என்னும் கேள்வி நம்மை விடவில்லை. ஆங்கிலத்தில் திரை முழுவதும் உருவாகி முடிந்தபின், சொற்பட்டியலை மட்டும் தனியே பிரித்து, எந்தத் திரையில் எந்தச் சொல் வரும் என்பதைக் காட்டாமல் மொழிபெயர்க்கக் கொடுத்தால் விளைவு இப்படித்தான் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் தவறு செய்யவில்லை. அவருக்குத் திரை காட்டப்படவில்லை. வடிவமைப்பாளரும் தவறு செய்யவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய மூன்றாமவர் இல்லை.

மூன்றாமவர் யார்?

பயனர் அனுபவம் என்னும் சொற்றொடர் பரவக் காரணமானவர்களுள் ஒருவர் டான் நார்மன். அறிவாற்றல் அறிவியலாளரான அவர், 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தம் பதவியின் பெயரிலேயே அச்சொல்லைச் சேர்த்துக்கொண்டார். ஒரு கருவி எப்படித் தோன்றுகிறது என்பதோடு நில்லாமல், அதைப் பயன்படுத்துபவர் என்ன எண்ணுகிறார், எங்கே தயங்குகிறார், எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்பதைக் கவனித்து அதற்கேற்பக் கருவியை அமைப்பதே இப்பணி.

பலரும் இதனை நிறம், படம், பொத்தான் ஆகியவற்றின் கலை என்று கருதுகின்றனர். ஆனால் வங்கிச் செயலி ஒன்றிலிருந்து சொற்களை எல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது சில கட்டங்களும் சில அம்புக்குறிகளுமே. திரை என்பது பெரும்பாலும் சொல்தான். சொல்லை ஆராய்வதற்கென்றே பயிற்சி பெற்றவர் மொழியியலாளர். ஒரு சொல் எந்தச் சூழலில் எப்பொருளைத் தரும், எந்த வட்டாரத்தில் எப்படி ஒலிக்கும், கேட்பவர் சொல்லப்படாத எதை ஊகிப்பார் என்பவை அவருடைய அன்றாடக் கேள்விகள்.

இத்தேவை பழமையானது. 1987-இல் ஃபர்னஸ், லாண்டவர், கோமஸ், டுமே ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரே பொருளுக்குப் பெயரிடச் சொன்னால், இருவர் தாமாகவே ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அது காட்டியது. வடிவமைப்பாளர் தமக்குத் தோன்றிய சொல்லைத் திரையில் வைத்தால், எதிரிலிருப்பவருக்கும் அதே சொல் தோன்றுமென நம்ப இடமில்லை. ஒரு மொழிக்குள்ளேயே நிலைமை இதுவென்றால், ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் எழுதும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சொல் ஒன்று, பொருள் வேறு

பணம் பெறுபவரின் விவரத்தைச் சேர்க்க வேண்டிய இடத்தில் ‘பயனாளியைச் சேர்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. அகராதிப்படி அதில் பிழையில்லை. ஆனால் தமிழ் மக்கள் நாவில் ‘பயனாளி’ என்பவர் அரசு நலத்திட்ட உதவி பெறுபவர். வாடகை அனுப்ப வேண்டிய வீட்டு உரிமையாளரைப் ‘பயனாளி’ என்று தேடுவதற்கு யாருக்குத் தோன்றும்? ‘பணம் பெறுபவர்’ என்று எழுதினால் விளக்கமே வேண்டாம்.

கணக்கிலுள்ள தொகைக்கு ஓரிடத்தில் ‘இருப்பு’ என்றும், மற்றோரிடத்தில் ‘மீதி’ என்றும், வேறோரிடத்தில் ‘நிலுவை’ என்றும் வருவதுண்டு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் வழங்குவதால் நேர்வது இது. தமிழில் நிலுவை என்பது கொடுக்க வேண்டிய கடன். தம்முடைய சேமிப்பைப் பார்க்க வந்தவரிடம் அவர் கடன்பட்டிருப்பதாகச் சொல்வது எவ்வகையில் சேவையாகும்?

இவை குழப்பத்தோடு நின்றுவிடும். சில சொற்களோ ஒரு குடும்பத்தின் உரிமையையே தொடுபவை. கணக்கு தொடங்கும்போது நாம் குறிப்பிடும் நாமினியைச் சில படிவங்கள் ‘வாரிசுதாரர்’ என்கின்றன. நாமினியும் வாரிசும் ஒருவரல்லர். கணக்கு வைத்திருந்தவர் மறைந்தால் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவர் நாமினி. அப்பணம் இறுதியில் யாருக்குச் சேர வேண்டும் என்பதை வாரிசுரிமைச் சட்டமே முடிவு செய்யும். ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் வங்கி வைப்புகளுக்கு இதனைத் தெளிவாக்கியது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நாமினியாக நியமிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. நால்வரைக் குறிப்பிடும் திரையில் ‘வாரிசு’ என்று எழுதியிருந்தால், ஒரு மகனின் பெயரை மட்டும் இட்ட தந்தை, மற்ற பிள்ளைகளை விலக்கிவிட்டதாகவே அவர்கள் எண்ணக்கூடும். ஒரு சொல்லால் உடன்பிறந்தோர் நீதிமன்றம் செல்லும் நிலை வரலாகாது.

இலக்கணம் அறியாத கட்டங்கள்

சொல்லைச் சரியாகத் தேர்ந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. செயலிகள் தம் வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி, பெயருக்கும் தொகைக்கும் மட்டும் வெற்றிடம் விட்டு வைக்கின்றன. ஆங்கிலத்தில் வெற்றிடத்தில் எப்பெயரை இட்டாலும் வாக்கியம் சிதையாது. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது பெயர் மாறும். முருகன் ‘முருகனுக்கு’ ஆவார். கலா ‘கலாவுக்கு’ ஆவார். இதை அறியாத செயலி ‘முருகன்க்கு’, ‘கலாக்கு’ என்று எழுதுகிறது. மணி என்பவருக்கு அனுப்பினால் ‘மணிக்கு ரூ.500 அனுப்பப்பட்டது’ என்று வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய் என்றும் அதைப் படிக்கலாம்.

மொழியியல் அறிந்த வடிவமைப்பாளர் இதற்கு இலக்கண விதிகளை எல்லாம் கணினிக்குக் கற்பிக்க முற்படமாட்டார். வாக்கியத்தையே மாற்றிவிடுவார். ‘பெறுபவர்: மணி. தொகை: ரூ.500. பணம் சென்றுவிட்டது.’ உருபு இல்லை. ஆகவே பிழையும் இல்லை.

பிற இந்திய மொழிகளிலும் இத்தகைய கண்ணிகள் உண்டு. இந்தியில் ‘கல்’ என்னும் ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லே காலத்தை உணர்த்தும். தவணை நாளைத் தெரிவிக்கும் சிறு பொத்தானில் வினைச்சொல்லுக்கு இடமிருப்பதில்லை. அங்கே தேதியை எழுதுவதே முறை. இந்தியில் வினைச்சொல் ஆண், பெண் வேறுபாட்டையும் காட்டும்; எல்லா வாடிக்கையாளரையும் ஆண்பாலில் விளிக்கும் திரை, பெண்களைக் கணக்கில் கொள்ளாத திரை. உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அம்மொழியைத் தேர்ந்தால் திரையின் அமைப்பும் திரும்ப வேண்டும்; எழுத்து மட்டும் திரும்பி அம்புக்குறி திரும்பாவிடில் ‘அடுத்து’ என்பதும் ‘முந்தையது’ என்பதும் இடம் மாறிவிடும்.

தமிழிலுள்ள ஒரு நுட்பத்தையும் கூற வேண்டும். கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’. அவரை விலக்கினால் ‘நாங்கள்’. தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகியவற்றிலும் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இல்லை. அவ்விரு மொழிகளிலிருந்து பெயர்க்கும்போது ‘உங்கள் புகாரை நாம் பரிசீலிப்போம்’ என்று வந்துவிடுகிறது. புகார் தந்தவரே பரிசீலனையிலும் அமர வேண்டும் போலும்! ‘உங்கள் கடவுச்சொல்லை நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம்’ என்பதில் ‘நாங்கள்’ என்பது தெளிவாக இருந்தாக வேண்டும். கேளாதவர் யார் என்பதிலேயே அந்த எச்சரிக்கையின் பயன் இருக்கிறது.

குறுஞ்செய்தியிலோ இடமும் குறைவு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். தமிழ் முதலிய மொழிகளில் யூனிகோடு முறையில் 70 குறியீடுகள் மட்டுமே. ‘பணம்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான்கு குறியீடுகள், ‘பற்று’ என்பதற்கு ஐந்து. ஆங்கிலச் செய்தியை வரிக்கு வரி பெயர்த்தால் அது இரண்டு மூன்று துண்டுகளாகும். முதல் துண்டில் வாழ்த்தும் வங்கியின் பெயரும் மட்டுமே இருக்கும். எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று தமிழிலேயே எண்ணி எழுதுபவர் வேண்டும்.

சொல்லே செயலாகும் இடம்

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1962-இல் நூலாயின. சில சொற்கள் செய்தியைத் தெரிவிப்பதோடு நில்லாமல், சொல்லப்படும்போதே செயலாகிவிடுகின்றன என்பது அவர் நிறுவிய கருத்து. ‘உறுதியளிக்கிறேன்’ என்று சொல்வதே உறுதியளித்தல். வங்கித் திரைக்கு இது முற்றிலும் பொருந்தும். ‘சம்மதம்’ என்னும் பொத்தானைத் தொடுவது சம்மதத்தைப் பற்றிய பேச்சன்று, அதுவே சம்மதம். அங்கே சொல் தடுமாறினால் செயல் தடுமாறும். பணம் தவறான திசையில் போகும்.

பல ஆண்டுகள் நிகழ்ந்த ஒரு மோசடியை எண்ணிப் பார்ப்போம். பழைய கட்டிலோ குளிர்பதனப் பெட்டியோ விற்க விளம்பரம் செய்தவரிடம், வாங்குபவர்போல் ஒருவர் பேசுவார். “பணம் அனுப்பியிருக்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்” என்பார். உண்மையில் அவர் அனுப்பியது பணத்தை அன்று. பணம் கேட்கும் கோரிக்கையை. திரையில் ‘ஏற்கவும்’ என்றிருக்கும். தமிழில் ஏற்றல் என்பதற்குப் பெறுதல் என்றும் பொருள், இசைதல் என்றும் பொருள். பெறுவதாக எண்ணி இசைந்தவர் இரகசிய எண்ணையும் இட்டுவிடுவார்; அவருடைய கணக்கிலிருந்தே பணம் வெளியேறும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இத்தகைய கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்துமாறு தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிவுறுத்தியது. வரவேற்கத்தக்க முடிவு. எனினும், ‘உங்கள் கணக்கிலிருந்து ரூ.5,000 வெளியேறும். அனுப்பவா?’ என்று தொடக்கம் முதலே அத்திரை கேட்டிருந்தால் எத்தனையோ பேர் விரலை விலக்கியிருப்பர்.

குழப்பும் சொல் அறியாமையால் மட்டும் வருவதில்லை. சில இடங்களில் வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுநெறிகள் இணைய வணிகத்தில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. காப்பீடு வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்தும் வாசகம், எதிர்மறைமேல் எதிர்மறை வைத்துக் கேட்கும் சூழ்ச்சிக் கேள்வி ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைக் கண்டுபிடிக்கவும் மொழி நுட்பம் அறிந்த கண் வேண்டும். ஆங்கிலத்தில் நேர்மையாக இருந்த கேள்வி, மொழிபெயர்ப்பில் சூழ்ச்சிக் கேள்வியாகிவிடவும் கூடும்.

கேட்டதற்கு விடை

மும்பை மூதாட்டிக்கு வருவோம். அவருக்கு வேண்டியிருந்த விடை ஒன்றே: பணம் போயிற்றா, இல்லையா? ‘அமர்வு காலாவதியானது’ என்பது கணினி தன் நிலையைத் தனக்கே சொல்லிக்கொண்ட செய்தி. மொழி மெய்யியலாளர் பால் கிரைஸ் 1975-இல் வெளியான கட்டுரையில், உரையாடுவோர் தேவையான அளவு, உண்மையாக, பொருத்தமாக, தெளிவாகப் பேசுவர் என்னும் எதிர்பார்ப்பிலேயே உரையாடல் நடைபெறுகிறது என்றார். நம் தொல்காப்பியமும் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே வினாவும் விடையும் வழுவின்றி அமைய வேண்டும் என்று விதிக்கிறது. நம் திரைகள் இப்பழைய பாடத்தை இன்னும் படித்து முடிக்கவில்லை.

பரிவர்த்தனை தோல்வியடையும்போது வாடிக்கையாளர் அறிய வேண்டியவற்றை ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை வரையறுத்துத் தந்திருக்கிறது. ஏடிஎம் இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அந்நாளைத் தொடர்ந்து 5 நாட்களுக்குள் தொகை தானாகவே திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். யூபிஐ மூலம் அனுப்பிய பணம் பெறுபவருக்குச் சேராவிடில், அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. இவ்வளவு நல்ல விதி இருந்தும், தோல்வித் திரையில் நாம் காண்பது பெரும்பாலும் ஒரு பிழை எண். ‘பணம் உங்கள் கணக்கில் அப்படியே உள்ளது’ என்றோ, ‘பணம் கழிந்துவிட்டது, நாளைக்குள் திரும்பாவிட்டால் இங்கே தொடவும்’ என்றோ எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரி, கிளைக்கு ஓடிவரும் ஒருவரின் அரை நாள் கூலியைக் காப்பாற்றும்.

எதிர்வாதங்கள்

‘மக்களே ஆங்கிலச் சொற்களைத்தானே பேசுகிறார்கள்?’ என்று கேட்பர். உண்மை. அதனாலேயே நாம் புதுச்சொல் ஆக்கக் கோரவில்லை. ஏடிஎம், ஓடிபி, டெபிட் கார்டு ஆகியவை மக்கள் சொற்களாகிவிட்டன, அவை இருக்கட்டும். மக்கள் அறிந்த சொல் எதுவோ அதுவே திரையில் வேண்டும். அது எது என்பதை அறையிலிருந்தவாறு ஊகிக்கலாகாது. மக்களிடம் கேட்டறிய வேண்டும். கேட்டறியும் முறையே மொழியியலாளர் கற்ற கல்வி.

‘இனி இயந்திரமே மொழிபெயர்த்துவிடுமே?’ என்பது அடுத்த வாதம். மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் விரைந்து வளர்கின்றன. 2022-இல் தொடங்கிய அரசின் பாஷினி திட்டம் அவ்வகையில் பெருமுயற்சி. ஆனால் கருவி வளர வளரப் பொறுப்பும் வளர்கிறது. சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போருக்காக 2022 மார்ச்சில் ‘யூபிஐ 123பே’ வந்தது. 2023-இல் குரலால் பணம் அனுப்பும் ‘ஹலோ யூபிஐ’ முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிமுகமாயிற்று. அதன் மொழி மாதிரிகளை உருவாக்குவதில் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் பங்கேற்றது. பிற மொழிகளுக்கும் இவ்வசதி விரியும்போது, எண்பதை ‘எம்பது’ என்றும் ஐம்பதை ‘அம்பது’ என்றும் சொல்லும் தமிழ் நாவை அது எதிர்கொள்ளும். ஓர் உயிரொலியின் வேறுபாட்டில் முப்பது ரூபாய் மாறும். ஆயிரங்களில் முப்பதாயிரம் மாறும். இந்தியில் நூற்றைம்பதை ‘டேட் சௌ’ என்பர்; ஒன்றரை நூறு என்பது அதன் பொருள். கேட்டதைத் திரையில் எண்ணால் எழுதிக் காட்டி, மீண்டும் உறுதி செய்த பின்பே அனுப்ப வேண்டும் என்று முன்னெச்சரிக்கை செய்பவர் யார்? பேச்சொலியைப் பயின்றவரே.

‘செலவாகுமே?’ என்பது மூன்றாவது. ஆகும். ஆனால் புரியாத ஒவ்வொரு திரைக்கும் இன்றும் செலவாகிறது. கிளை வரிசையில், அழைப்பு மையத்தில், புகார்ப் பதிவேட்டில் அது சிதறிக் கிடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. அதில் பெரும்பகுதியை ஏற்பவர் வாடிக்கையாளர்.

நாம் வேண்டுவது

இந்தியாவில் வடிவமைப்புக் கல்விக்குப் பஞ்சமில்லை. மொழியியல் கல்விக்கும் பஞ்சமில்லை. மும்பை ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையமும் மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் 1969 என்னும் ஒரே ஆண்டில் தோன்றியவை. இரு துறைகளும் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தனித்தனியே வளர்ந்திருக்கின்றன. அவை சந்திக்கும் இடமாக வங்கித் திரை அமையட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புனே தக்காணக் கல்லூரி முதலிய இடங்களில் மொழியியல் பயிலும் மாணவர்கள் ஆசிரியப் பணியோடு இப்பணியையும் எண்ணிப் பார்க்கலாம், அவர்களின் பெற்றோரும்தாம்.

வங்கிகளிடம் நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, திரை முடிந்தபின் மொழிபெயர்ப்பாளரைத் தேடாமல், திரையைத் திட்டமிடும் முதல் நாளிலேயே மொழியறிந்த வடிவமைப்பாளரை மேசைக்கு அழைக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மொழியிலும் அம்மொழி மட்டுமே படிக்கத் தெரிந்த சிலரிடம் திரையைக் கொடுத்து, குறுக்கிடாமல் அருகிலிருந்து கவனித்த பின்பே வெளியிட வேண்டும். மூன்றாவது, ஏடிஎம், செயலி, படிவம், பாஸ்புக் ஆகிய நான்கிலும் ஒரு பொருளுக்கு ஒரே சொல் வழங்க வேண்டும். கிளைகளின் அறிவிப்புப் பலகைகளும் படிவங்களும் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. அவ்விதியின் உள்நோக்கம் திரைக்கும் வந்து சேர வேண்டும். இக்குறை எந்த ஒரு வங்கிக்கும் மட்டும் உரியதன்று. வங்கித்துறையினராகிய நாம் அனைவரும் பங்காளிகள்.

வாடிக்கையாளர்களாகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் செயலியில் ஒரு முறை மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். எந்தச் சொல் உங்களைத் தடுத்ததோ, எந்த வரியில் ஐயம் எழுந்ததோ, அதைக் குறித்துக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். ‘எனக்குத்தான் புரியவில்லை’ என்று கூச்சப்பட வேண்டியதில்லை. புரியும்படி எழுதுவது எழுதியவர் கடமை. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவையுங்கள்: பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, சொல் புரியாவிட்டால் பொத்தானைத் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்; வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

அந்த மூதாட்டிக்குக் கிளை ஊழியர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, “அம்மா, பின்னுன்னா உங்க ரகசிய நம்பர். இப்பவே போடணும்” என்றார். அவர் திரையைத் தம் முந்தானையால் மறைத்துக்கொண்டு எண்ணை இட்டார். மகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஊழியர் வாயால் சொன்ன அந்த எளிய வாக்கியத்தைத் திரையே சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லும் நாளில், நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்திலுள்ள அந்தச் சிறு கட்டம் அளித்த மதிப்பைக் கைப்பேசியும் நமக்கு அளித்ததாகும்.